மணி அழுத்த மறந்த பேருந்து

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. நண்டுக் குழம்பு என்று சொல்லித்தான் அழைத்தார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, குழம்போடு ஒரு வேலையும் காத்திருக்கிறது என்று. அக்கா மகள் கல்லூரியில் டிப்ளோமா முதல் தவணை. வீட்டில் எல்லாருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இந்த அசைன்மென்ட் நாளைக்கு அனுப்பணும். ரெண்டு நாளா ஓட மாட்டேங்குது" என்றாள்.

அசைன்மென்ட் எனக்குப் பிடித்திருந்தது. விரிவுரையாளர் யாரோ தெரியவில்லை, நன்றாக யோசித்துக் கொடுத்திருக்கிறார். நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முன்னால் வரும். அடுத்த இரண்டு பிறந்த இடம். 01 என்றால் ஜொகூர், 02 கெடா, 03 கிளந்தான், 04 மலாக்கா, 05 நெகிரி செம்பிலான், 06 பகாங், 07 பினாங்கு, 08 பேரா, 09 பெர்லிஸ், 10 சிலாங்கூர், 11 திரெங்கானு, 12 சபா, 13 சரவாக், 14 கோலாலம்பூர், 15 லாபுவான், 16 புத்ராஜெயா. எண்ணைக் கொடுத்தால் மாநிலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியில், 'ஸ்விட்ச்' கட்டளையைப் பயன்படுத்தி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஸ்விட்சைக் கட்டாயம் ஒரு நாள் சந்திப்பார்கள். பெற்றோருக்கும் இதில் புரியாதது ஒன்றுமில்லை. அதனால் இந்த வாரம் இதைப் பற்றியே பேசிவிடலாம்.

முதலில், ஸ்விட்ச் எதற்கு? கணினியிடம் ஒன்றை முடிவு செய்யச் சொல்லும் முதல் வழி 'இஃப்'. எண் 1 ஆக இருந்தால் ஜொகூர் என்று சொல். இல்லாவிட்டால், 2 ஆக இருந்தால் கெடா என்று சொல். இல்லாவிட்டால், 3 ஆக இருந்தால்... இப்படி 16 தடவை. புத்ராஜெயாவில் பிறந்த குழந்தை, முன்னால் 15 கேள்விக்கு "இல்லை, இல்லை" என்று பதில் சொன்ன பிறகுதான் தன் ஊரை அடையும். வேலை நடக்கும். ஆனால், படிக்கிறவருக்குக் கண் கட்டும். நடுவில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் தெரியாது.

ஸ்விட்ச் அப்படி வரிசையாகக் கேட்காது. அடுக்குமாடி வீட்டு மின்தூக்கி மாதிரி. எட்டாம் எண்ணை அழுத்தினால் "நீங்கள் ஒன்றாம் மாடியா, இரண்டாம் மாடியா?" என்று அது விசாரிப்பதில்லை, எட்டுக்கே போய் நிற்கிறது. ஸ்விட்சுக்கு ஒரே ஒரு மதிப்பைக் கொடுக்கிறோம். அதற்குக் கீழே 'கேஸ் 1', 'கேஸ் 2' என்று கதவுகள். மதிப்பு எதுவோ அந்தக் கதவு திறக்கும். எண்கள் அடுத்தடுத்து இருந்தால் கம்பைலர் பெரும்பாலும் உள்ளுக்குள் ஓர் அட்டவணை போட்டு நேராக அந்த இடத்துக்குத் தாவ வைக்கும். வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே பார்வையில் 16 மாநிலமும் பட்டியலாகக் கண்ணுக்குத் தெரிவதுதான்.

சரி, பாப்பாவின் நிரலுக்கு வருவோம். ஓட்டச் சொன்னேன். இரண்டு வரிகளில் சிவப்பு. ஒன்று கேஸ் 08, இன்னொன்று கேஸ் 09. மற்றது எதிலும் குறையில்லை.

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் மாமா எழுதினேன். பேராவையும் பெர்லிஸையும் மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?"

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தானுக்கு ஒரே குஷி. நானும் அக்காவும் பிறந்தது சுங்கை சிப்புட்டில். "பார்த்தியா, உங்க ஊரே தப்புன்னு கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார்.

காரணம் இது. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் ஓர் எண்ணின் முன்னால் பூச்சியம் போட்டால் அது நம் வழக்கமான பத்தடி எண் இல்லை, எட்டடி எண். எட்டடிக் கணக்கில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 8, 9 என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. 01 முதல் 07 வரை எப்படிப் பார்த்தாலும் ஒரே மதிப்பு என்பதால் பிழைத்தன. 08இல் மாட்டிக்கொண்டது. பாப்பா அடையாள அட்டையில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள், அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? பூச்சியத்தை எடுத்துவிட்டு 8, 9 என்று எழுதியதும் சிவப்பு போனது.

கம்பைலர் கத்தியது நல்லதாகப் போயிற்று. கேஸில் இல்லாமல், ஸ்விட்சுக்குக் கொடுக்கும் மதிப்பில் 10க்குப் பதிலாக யாராவது 010 என்று எழுதியிருந்தால் கம்பைலர் வாயே திறந்திருக்காது. எட்டடிக் கணக்கில் 010 என்றால் 8. சிலாங்கூர்க்காரர்கள் எல்லாரும் பேராக்காரர்கள் ஆகியிருப்பார்கள். நிரலில் கத்துகிற பிழையைவிட, கத்தாத பிழைக்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்து, தன் எண்ணையே போட்டு ஓட்டினாள். கிள்ளானில் பிறந்தவள், 10. சிலாங்கூர் என்று வர வேண்டும். திரையில் வந்தது இது: சிலாங்கூர், திரெங்கானு, சபா, சரவாக், கோலாலம்பூர், லாபுவான், புத்ராஜெயா.

"ஒரே பிள்ளைக்கு ஏழு ஊரா? எந்த ஆஸ்பத்திரிக்குடி நான் போனேன்?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

ஸ்விட்ச் எழுதும் எல்லாரும் முதல் வாரத்திலேயே விழுகிற குழி இது. நானும் விழுந்திருக்கிறேன். பாப்பாவிடம் பேருந்தை வைத்துச் சொன்னேன். ஸ்விட்ச் முடிவு செய்வது நீ எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாய் என்பதை மட்டும்தான். 10 என்றால் பத்தாவது நிறுத்தத்தில் ஏறிவிட்டாய். எங்கே இறங்குவது என்பதை நீதான் சொல்ல வேண்டும். மணியை அழுத்தினால் பேருந்து நிற்கும். அழுத்தாவிட்டால் அது பாட்டுக்குக் கடைசி நிறுத்தம் வரை போய்க்கொண்டே இருக்கும். அந்த மணிதான் 'பிரேக்' என்ற ஒரு சொல். ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் எழுத வேண்டும். பாப்பா ஓரிடத்திலும் எழுதவில்லை. அதனால் சிலாங்கூரில் ஏறியவள் புத்ராஜெயா வரை போய் இறங்கினாள்.

"அப்படின்னா ஏன் மாமா அதுவே நிக்கக் கூடாது? கேஸ் முடிஞ்சா முடிஞ்சதுதானே?"

நல்ல கேள்வி. மணி அழுத்தாமல் போவதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஜொகூரில் பிறந்த எல்லாருக்கும் 01 மட்டும் இல்லை. 21, 22, 23, 24 என்றும் உண்டு. சிலாங்கூருக்கு 41 முதல் 44 வரை, பேராவுக்கு 36 முதல் 39 வரை, கோலாலம்பூருக்கு 54 முதல் 57 வரை. ஐந்து தடவை ஜொகூர் ஜொகூர் என்று எழுதத் தேவையில்லை. கேஸ் 1, கேஸ் 21, கேஸ் 22, கேஸ் 23, கேஸ் 24 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வெறுமனே அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு தடவை ஜொகூர் என்று எழுதி பிரேக் போட்டால் போதும். எதில் ஏறினாலும் வழுக்கிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் இறங்குவார்கள். பாப்பாவின் பட்டியலில் இந்த எண்கள் இல்லை. சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் இந்த வசதிக்குக் கொடுத்த விலை அதிகம். பீட்டர் வான் டெர் லிண்டன் என்பவர் 1994இல் சி மொழி பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு சொல்கிறார். ஒரு பெரிய கம்பைலரின் மூல நிரலை எடுத்துப் பார்த்ததில், வேண்டுமென்றே இப்படி வழுக்கவிட்ட இடங்கள் 3 விழுக்காடுதான். அந்த மூன்றுக்காக மீதி 97 இடத்திலும் மறக்காமல் மணி அழுத்த வேண்டியிருக்கிறது.

அதே புத்தகம் சொல்கிற இன்னொரு சம்பவத்தை என்னிடம் படிக்க வருகிற எல்லாருக்கும் சொல்வேன். 1990, ஜனவரி 15. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் சின்னக் கோளாறில் தன்னை நிறுத்திக்கொண்டு மறுபடி எழுந்தது. "நான் வந்துவிட்டேன்" என்று அக்கம்பக்கத்து இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியை வாங்கிய இணைப்பகங்கள் குழம்பித் தாங்களும் விழுந்தன. அவை எழுந்து செய்தி அனுப்ப, அடுத்தவை விழுந்தன. இப்படி 114 இணைப்பகங்கள் மாற்றி மாற்றி விழுந்து எழுந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய 9 மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை.

காரணம் தேடிப் போனபோது கிடைத்தது ஒரு பிரேக். சி மொழியில் எழுதிய நிரல். ஸ்விட்சுக்குள் ஒரு கேஸ், அந்தக் கேஸுக்குள் ஓர் இஃப், அந்த இஃபுக்குள் ஒரு பிரேக். எழுதியவர் இஃபை விட்டு வெளியே வருவதாக நினைத்து எழுதியிருக்கிறார். ஆனால் பிரேக்குக்கு இஃபைத் தெரியாது. அது தன்னைச் சுற்றியிருக்கிற ஸ்விட்சையே விட்டு வெளியே தாவிவிட்டது. நடுவில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று நடக்காமலே போனது. பாப்பா மணியை அழுத்த மறந்தாள் என்றால், அவர்கள் தவறான இடத்தில் அழுத்திவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியதே அதே ஏடி அண்ட் டி குடும்பத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில்தான்.

பின்னால் வந்த மொழிகள் பாடம் படித்துக்கொண்டன. கோ, ஸ்விஃப்ட் மொழிகளில் ஒரு கேஸ் முடிந்தால் அது தானாகவே நின்றுவிடும். வழுக்க வேண்டுமென்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். சி ஷார்ப் மொழியில் வேலை எழுதிய கேஸை மூடாமல் விட்டால் கம்பைலரே ஏற்றுக்கொள்ளாது. ஜாவாவில் 2020இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து அம்புக்குறி போட்டு எழுதும் முறை நிலையாகிவிட்டது, அதில் பிரேக் வேலையே இல்லை. பைதான் படிப்பவர்கள் பல காலம் ஸ்விட்ச் இல்லாமலே இருந்தார்கள், 2021இல் 3.10 பதிப்பில்தான் 'மேட்ச்' என்ற பெயரில் அதன் உறவுக்காரர் வந்தார். ஆனாலும் சி, சி பிளஸ் பிளஸ் எங்கேயும் போய்விடவில்லை. கல்லூரியில் அதில்தான் தொடங்குகிறார்கள். மணியை அழுத்தப் பழகத்தான் வேண்டும்.

பாப்பா எல்லா இடத்திலும் பிரேக் போட்டாள். ஓட்டினாள். சிலாங்கூர் மட்டும் வந்தது. "முடிஞ்சது மாமா!" என்று மடிக்கணினியை மூடப் போனாள்.

"டிஃபால்ட் எங்கே?" என்று கேட்டேன்.

டிஃபால்ட் என்பது ஸ்விட்சின் கடைசிக் கதவு. எந்தக் கேஸிலும் சேராத மதிப்பு வந்தால் அங்கே போகும். எழுதாவிட்டாலும் நிரல் ஓடும், குறை சொல்லாது. சேராத மதிப்பு வந்தால் ஒன்றும் செய்யாமல் பேசாமல் தாண்டிப் போய்விடும். "எல்லா மாநிலமும்தான் போட்டாச்சே மாமா, அதுக்கு மேல என்ன வரும்?" என்றாள்.

ஏறக்குறைய இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் அவளுக்கு ஒரு கதை சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அமைப்புக்கு உறுப்பினர் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தேன். பெயர் எதற்கு? தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. மூத்த உறுப்பினர்களுக்குத் தீபாவளிக்கு முன் ஒரு சின்ன உதவித்தொகை கொடுப்பார்கள். அதற்கான கடிதங்களை மாநில வாரியாக அச்சடித்து அனுப்ப வேண்டும். அடையாள அட்டை எண்ணிலிருந்து மாநிலத்தை எடுக்க நான் எழுதியது, பாப்பா எழுதியதைப் போன்ற ஒரு ஸ்விட்ச். பிரேக் எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். டிஃபால்ட் போடவில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும். ஒரு வேலைக்காக அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முகப்பில் ஒரு பாட்டி. எழுபதைத் தொட்டிருப்பார். கையில் ஒரு நெகிழிப் பை, அதற்குள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த தாள்கள். கடிதம் வரவில்லையே என்று கேட்க வந்திருக்கிறார். முகப்பில் இருந்த பெண் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க பேரு சிஸ்டத்துல இல்ல பாட்டி" என்றார்.

பாட்டி சண்டை போடவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பையிலிருந்து நீல அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இது செல்லும்தானே அம்மா? இதை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். பிறகுதான் விவரம் தெரிந்தது. போர் முடிந்த பிறகு சின்னப் பிள்ளையாக அம்மாவோடு ரஜுலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். பல ஆண்டுகள் சிவப்பு அடையாள அட்டை. நடையாக நடந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் நீல அட்டை கிடைத்திருக்கிறது. "சிஸ்டத்துல இல்ல" என்ற ஒரு வார்த்தையில் அது மறுபடி பறிபோய்விட்டதோ என்று பயந்துவிட்டார். அவர் பயந்தது உதவித்தொகைக்காக இல்லை.

தமிழ்நாட்டில் பிறந்தவர். அவர் எண்ணில் ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் நம் மாநிலங்களின் எண்களில் எதுவும் இல்லை. என் ஸ்விட்சில் அவருக்குக் கதவே இல்லை. மாநிலம் என்ற கட்டம் காலியாக நின்றது. கடிதங்கள் மாநிலம் மாநிலமாக அச்சானபோது, காலிக் கட்டத்துக்கு ஒரு கட்டு இல்லை. திரையில் தேடும் பட்டியலும் மாநில வாரியாகத்தான் இருந்தது. அதனால் அங்கேயும் அவர் இல்லை. பெயர் பதிவில் பத்திரமாக இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அவரைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள், எல்லாரும் அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் உழைத்தவர்கள். கடிதம் வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாத ஆட்கள்.

அன்றே அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். சேர்த்தது இரண்டு வரி. கடிதங்களைக் கையால் உறையில் போட்டு, நானே தபால் நிலையத்துக்குக் கொண்டு போனேன். பாட்டியிடம், "தப்பு என்னுடையது, உங்க ஐசிக்கு ஒண்ணும் ஆகல" என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. அட்டையை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, பையின் அடியில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஸ்விட்ச் எழுதினால் முதலில் டிஃபால்டை எழுதிவிட்டுத்தான் கேஸ்களுக்குப் போவேன்.

கதையை முடித்தபோது பாப்பா ஒன்றும் பேசவில்லை. நிரலைத் திறந்து டிஃபால்டில் இப்படி எழுதினாள்: "இந்த எண் மாநிலப் பட்டியலில் இல்லை. அட்டையை நேரில் பார்க்கவும்." சும்மா 'தவறான எண்' என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லியிருப்பேன். அந்தப் பாட்டியின் எண் தவறான எண் இல்லை, நமக்குத் தெரியாத எண். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

இன்னும் ஒரு வேடிக்கை இருந்தது. அசைன்மென்டின் இரண்டாம் பகுதி, ஆணா பெண்ணா என்று சொல்வது. அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். புதுச் செருப்பு வாங்கிய பிள்ளை படுக்கையிலும் போட்டுக்கொண்டு தூங்கும். பாப்பாவும் அப்படித்தான், 0 முதல் 9 வரை பத்துக் கேஸ் போட்டு ஒரு ஸ்விட்ச் எழுதி வைத்திருந்தாள். தப்பில்லை, ஆனால் தேவையில்லை. இரண்டால் வகுத்து மீதி பார்த்தால் ஒரே இஃபில் முடிந்துவிடும்.

எங்கே ஸ்விட்ச், எங்கே இஃப் என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடை ஒரு பட்டியலில் இருந்து ஒன்றைப் பொறுக்குவது என்றால் ஸ்விட்ச்: மாநில எண், வாரத்தின் நாள், உணவுக்கடைப் பட்டியலில் ஓர் எண். விடை 'இதிலிருந்து இதுவரை' என்று நீண்டால் இஃப்: தேர்வு மதிப்பெண்ணுக்குத் தரம் போடுவது, வயதை வைத்துக் கட்டணம் சொல்வது. 80 முதல் 100 வரை தரம் ஏ என்றால் அதற்கு 21 கேஸ் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? பெயர், சொல் போன்ற எழுத்துத் தொடர்களைச் சி பிளஸ் பிளஸ் ஸ்விட்ச் வாங்காது, முழு எண்ணோ ஒற்றை எழுத்தோதான் வேண்டும். ஜாவாவில் 2011இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து சொற்களையும் கொடுக்கலாம்.

பழக்கத்துக்கு மூன்று வழி. கேஸ் என்று எழுதியதும் உள்ளே எதையும் நிரப்பாமல் முதலில் பிரேக்கை எழுதிவிடுங்கள், பிறகு நடுவில் நிரப்புங்கள். வேண்டுமென்றே வழுக்கவிடுகிற இடத்தில் அப்படித்தான் என்று ஒரு குறிப்பு வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் உங்களுக்கே அது உதவும். சரியான மதிப்பை மட்டும் கொடுத்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கொடுத்து, நிரல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் அங்கே யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார்.

கிளம்பும்போது அத்தான் பாப்பாவைக் கூப்பிட்டார். அவருடைய அம்மா கடலூர்ப் பக்கம் பிறந்தவர், இப்போது அவர்களோடுதான் இருக்கிறார். "அப்பாயி ஐசிய போட்டுப் பாரு" என்றார். போட்டாள். திரையில் அவள் எழுதிய வாக்கியம் வந்தது. பாப்பா எழுந்து போய், அப்பாயியிடம் அட்டையை வாங்கி நேரில் பார்த்தாள். நண்டுக் குழம்பு ஒரு டப்பாவில் எனக்குத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம், நிற்காமல் சுற்றுகிற 'லூப்' பற்றிப் பேசுவோம்.